நிச்சயத்தன்று வெடித்த கிட்டார்

நாளானால் எந்தக் கோபமும் சிரிப்பாகிவிடும் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு எப்போதோ வந்துவிட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் டிசைன் போடுகிறேன். மிச்ச நேரத்தில் கிட்டார் செய்வேன். (முதலில் செய்ததில் அம்மா துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறார்.) என் நிச்சயதார்த்தத்தில், நானே செய்த புதுக் கிட்டாரில் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனை வாசிப்பதாகப் பெண் வீட்டில் சொல்லியிருந்தேன். பெண்ணின் அப்பா காரியாபட்டியில் வாத்தியார். பட்டாசு வேலைக் குடும்பமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கவிழ்க்க என்னிடம் இருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

மரத்துக்கு முதலில் விருதுநகர் மரக்கடைக்குத்தான் போனேன். நிலையா, கதவா, கட்டிலா என்றார் கடைக்காரர். கிட்டார் என்றேன்.

"கிட்டாருக்குன்னு தனியா மரம் எங்கன வளருது தம்பி? கட்டிலுக்கு எடுங்க, கல்யாணத்துக்கு உதவும்."

அவமானம் தாங்காமல் வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போட்டேன். மேல் பலகை பனிமலையில் வளர்ந்த மரமாம். பக்கங்களுக்கு 'இந்திய ஈட்டி' மரம். நம் மேற்கு மலையில் வெட்டிய மரம் கப்பலேறிப் போய், பளபளப்பாகி, சுங்கவரியோடு என்னிடமே திரும்பியிருக்கிறது. அதையும் வீடு வீடாகக் காட்டிப் பீற்றிக்கொண்டேனே, அன்றைய என்னை இன்றைக்கும் அறையத் தோன்றுகிறது.

மே மாதம் நிச்சயம். வேன் நிறைய எங்கள் சனம், முக்கால்வாசிப் பேர் பயர் ஆபீஸ்காரர்கள். (பட்டாசு ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) உள்ளே இடமில்லை என்று சித்தப்பா கிட்டாரை வேன் கூரைமேல் கட்டிவிட்டார். காரியாபட்டி வரை அது வெயிலில் வெந்துகொண்டே வந்தது.

போதகர் ஜெபத்தை முடித்து எனக்குத் தலையசைத்தார். பல்லவி சுகமாகப் போனது. சரணத்தில் டமார் என்று ஒரு சத்தம். கம்பிகளை இழுத்துப் பிடித்திருந்த கட்டை, பனிமலைப் பலகையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது.

பயர் ஆபீஸில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: சத்தம் கேட்டால் என்ன ஏதென்று பார்க்காதே, ஓடு. கண் மூடித் திறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூட உள்ளே இல்லை. சித்தப்பா நிச்சயச் சேலைத் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார். ரோட்டில் நின்று மூச்சு வாங்கும்போதுதான், நானும் அங்கேதான் நிற்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

பெண் வீட்டார் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார்கள். வாத்தியார் மட்டும் வாசலுக்கு வந்தார்.

"பொண்ணு உள்ள இருக்கா. நீங்க இங்கன என்ன பண்றீக?"

அம்மாதான் முன்னால் வந்தார்.

"பளக்க தோசம், அண்ணே. இப்படி ஓடி ஓடித்தான் நாங்க அம்புட்டுப் பேரும் உசுரோட இருக்கோம்."

வாத்தியார் சித்தப்பாவின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கிக்கொண்டு, எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

வெளிநாட்டுக் கடைக்குப் புகார் எழுதினேன். ஈரப்பதமான அறையில் வைத்திருக்க வேண்டுமாம்! குடிதண்ணீரே லாரியில் வருகிற ஊரில், மே மாதத்தில், பலகைக்கு ஈரத்துக்கு நான் எங்கே போவேன்? (வேன் கூரையைப் பற்றி நான் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை.)

அடுத்த கிட்டாருக்கு விருதுநகர் கடையிலேயே ஒரு பழைய பலாக் கதவை வாங்கினேன். எந்த வெயிலுக்கும் அசையவில்லை. கடைக்காரர் மட்டும் இன்றுவரை, கதவு எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிக்கிறார்.

அந்தக் கிட்டாரை நான் கையில் எடுத்தாலே என் மனைவி எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள்.

"இந்தத் தடவ ஓடுனா, என்னையும் கூட்டிக்கிட்டு ஓடுங்க."