ஆறாம் வகுப்புக்கு ஒரு சாய்தளம்

சாய்தளம் கட்டி முடித்த மறுநாள் காலை, ஆறாம் வகுப்புக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தது ஒரு வெள்ளாடு.

தலைமையாசிரியர் கந்தப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆடு கீழே நின்று சரிவை ஒரு தடவை அளந்தது. கட்டியவரையும் கட்டச் சொன்னவரையும் மெச்சுவதுபோலத் தலையை ஆட்டியது. பிறகு விறுவிறுவென்று ஏறிப் போய் முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பத்து மணி வரை அந்த வழியாக ஏறியது அது ஒன்றுதான். யாருக்காகக் கட்டினாரோ அந்த இளவேனில் வரவில்லை.

"ஏனுங்க சார், ஆட்டுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுட்டீங்களா?" என்றாள் சத்துணவு சமைக்கிற பழனியாத்தாள்.

"உன்ற ஆடுதானே அது?"

"ஆமாங்க. எங்கூட்ல நாலு பேரு படிக்கப் போனோம். அஞ்சாங்கிளாசத் தாண்டுனது அது ஒண்ணுதானுங்க."

துடியலூருக்கு வடக்கே, கருக்கம்பாளையம் நடுநிலைப்பள்ளி. தொண்ணூற்றாறாம் வருடத்து ஆகஸ்ட். இளவேனிலுக்குப் பதினோரு வயது. போலியோவில் சூம்பிய இடது காலில் இரும்புக் கேலிப்பர் மாட்டி நடக்கிற பெண். ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஒழுங்காக வந்தாள். ஜூலை நடுவில் நின்றுவிட்டாள். கேட்டால் கால்வலி.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கந்தப்பன் கோயமுத்தூரில் மூன்று நாள் ஒருங்கிணைந்த கல்விப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். 'குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றாதீர்கள். பள்ளிக்கூடத்தைக் குழந்தைக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள்' என்று பயிற்சி கொடுத்த அம்மையார் சொன்னதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். அதற்குக் கீழேயே, 'குழந்தையிடமே கேளுங்கள்' என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கோடு போட மறந்துவிட்டார்.

ஆடு ஏறிய அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பின்னாலிருக்கும் லைன் வீட்டுக்குப் போனார். இளவேனிலின் அம்மா மாரியாத்தாள் அப்போதுதான் ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சோடு வந்திருந்தாள்.

"வாங்க சார், வாங்க. ஏ கண்ணு, சாருக்குச் சேர் எடுத்துப் போடு."

இளவேனில் இரும்பு நாற்காலியை ஒரு கையால் தூக்கி வந்து போட்டாள். கந்தப்பன் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். குழந்தையிடமே கேட்டார்.

"ஏன் கண்ணு, அந்தச் சாய்தளம் ரொம்பச் செங்குத்தா இருக்குதா?"

"ஆமாங்க சார்."

"ஏறறப்ப காலு இழுக்குதாக்கும்?"

"ஆமாங்க சார்."

"சறுக்கிருமோன்னு பயமா இருக்குதா?"

"ஆமாங்க சார்."

அவர் எழுந்தபோது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "சார், நாளைக்கு நீங்க லீவுங்களா?"

கந்தப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "நானாவது லீவு போடறதாவது. இருவத்தாறு வருசத்துல எண்ணி நாலு நாள் போட்டிருக்கறேன். நீ வா கண்ணு, நான் இருப்பேன்."

மாரியாத்தாள் வாசல் படல் வரைக்கும் கூடவே வந்தாள். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேனுங்க சார். அதுக்கும் வரலீன்னா டவுனுல ஆஸ்டலோட இருக்கற பள்ளிக்கூடத்துல உட்டுப்போடறேன். அங்க அதுகளுக்குன்னே எல்லா வசதியும் இருக்குதாமா."

"அதுகன்னா யாரு அம்மணி?"

மாரியாத்தாள் தலையிலிருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டு நின்றாள்.

பாதி வழி வந்த பிறகுதான் கந்தப்பனுக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெண் சாய்தளத்தை இன்னும் கண்ணாலேயே பார்க்கவில்லை. சரி, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பெடலை மிதித்தார்.

ஆஸ்டல் என்ற சொல்தான் அவரை அரித்தது. அவருக்கு ஒரு தங்கை, சின்னாத்தாள். அவளுக்கும் இதே கால். அப்பா இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அன்று, "படியேற முடியாத பிள்ளைய வெச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது" என்று பதமாகத்தான் சொன்னார்கள். கந்தப்பன் படி ஏறினார். அவள் கேரியரில் உட்கார்ந்தபடியே திரும்பிப் போனாள். இப்போது வெள்ளகோவிலில் இருக்கிறாள். முப்பது வருடமாக அவர் எழுதும் கடிதங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறார். அதனால் சௌக்கியம், மழை இல்லை என்பதற்கு மேல் அவரால் எதுவும் எழுத முடிந்ததில்லை.

ஒரே ஒரு தடவை, கால் சூம்பிய ஒரு பெண்குழந்தை பையோடு ஏறி ஆறாம் வகுப்புக்குள் போவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மறுநாள் கொத்தனார் ராமுலு மறுபடி வந்தார்.

"ஒரு அடி உயரத்துக்குப் பன்னண்டு அடி நீளம் வேணுமாமா. படி ஒன்றரை அடி. எத்தனை அடி நீளம்? மனசுலயே போடுங்க, பாப்போம்" என்றார் கந்தப்பன்.

ஜூலையில் கணக்கு வாத்தியார் மேட்டுப்பாளையத்துக்கு மாறுதல் வாங்கிப் போன பிறகு ஆறாம் வகுப்புக் கணக்கும் கந்தப்பன் தலையில்தான். அவர் அதைச் சுமையாக நினைக்கவில்லை. மனக்கணக்கு என்றால் அவருக்கு உயிர். எதிரே யார் நின்றாலும் ஒரு கணக்கைப் போட்டுவிடுவார்.

ராமுலு கரண்டியைக் கீழே வைத்தார். "ஏனுங்க சார், சித்தாளாப் போனதே இதுக்குத் தப்பிச்சுத்தானுங்க. நீங்க கோடு போடுங்க, நான் கல்லு வெக்கறேன்."

பதினெட்டு அடியில் புதுச் சாய்தளம் கொடிக்கம்பம் வரை நீண்டது. காலைப் பிரார்த்தனையில் பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்து நின்றது. இந்தப் பக்கம் 'நீராருங்' என்று ஆரம்பித்தால் அந்தப் பக்கம் ஒரு வரி பிந்தி வந்தது. ஏழாம் வகுப்பு ஆல்வின், அதில் சறுக்கி விளையாட மாமா ஊரிலிருந்து பாக்குமட்டை கொண்டுவந்தான். முதல் நாளே எட்டு முழங்காலுக்கு டிஞ்சர் தீர்ந்தது. ஆடு தன் பங்குக்கு இரண்டு உறவினர்களைக் கூட்டி வந்தது.

இளவேனில் வரவில்லை.

"வகுப்பு ரொம்ப உள்ளுக்குள்ள இருக்குதா கண்ணு?" என்று சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

"ஆமாங்க சார். நாளைக்கு நீங்க லீவுங்களா?"

"இல்ல கண்ணு, இருப்பேன்."

ஆறாம் வகுப்பை வாசலோரத்திலிருந்த தலைமையாசிரியர் அறைக்கு மாற்றினார். தலைமையாசிரியர் கடைசி அறைக்குப் போனார். பீரோ கதவுக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அடுத்த சுவர் சத்துணவுக்கூடம் என்பதால் அன்று முதல் அவர் கையெழுத்துப் போட்ட எல்லாக் காகிதத்திலும் சாம்பார் வாசம்.

இளவேனில் வரவில்லை.

"பெஞ்சு உறுத்துதோ?"

"ஆமாங்க சார்."

வீட்டிலிருந்த ஒரே பிரம்பு நாற்காலியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்காக மனைவி தெய்வாத்தாள் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. பேசாதது வசதியாகத்தான் இருந்தது, ஆனால் உட்கார இடமில்லை. முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மேலே சின்ன மெத்தையும் வைத்தார். அடுத்த நாள் கணக்குப் பாடத்தில் பதினோரு பேருக்குக் கால்வலி. எல்லோரும் நாற்காலியில் உட்கார அனுமதி கேட்டார்கள். சரவணனுக்கு இரண்டு காலும் வலித்தது. கந்தப்பன் ஒருத்தரையும் நம்பவில்லை. பதினோரு பேரையும் வரிசையாகப் போர்டுக்கு அழைத்தார்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ளகிட்டக் கேட்டீங்களா?" என்றாள் பழனியாத்தாள், சோற்று அண்டாவைக் கிளறிக்கொண்டே.

"கேக்காம? ஒவ்வொண்ணையும் கேட்டுத்தான் செய்யறேன். எல்லாத்துக்கும் ஆமாங்கன்னுதான் சொல்லுச்சு."

"நம்மூருல வாத்தியாரு ஊடு தேடி வந்து கேட்டா, ஆமாங்கன்னு சொல்லாம வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

கந்தப்பன் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. தினமும் ஒன்பதரைக்கு வாசலில் போய் நின்றார். ரோட்டுத் திருப்பத்தில் நீல யூனிபாரம் தெரிந்தால் மூச்சு நின்று, கிட்டே வந்து வேறு யாராகவோ ஆனதும் மறுபடி ஓடும். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் நிற்பார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆடு துணைக்கு நிற்கும்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாரியாத்தாள் ஆஸ்டல் பாரத்தோடு வந்துவிட்டாள். பூர்த்தி செய்து, மூலையில் போட்டோ ஒட்டியிருந்தது.

"எனக்கு ஷிப்டு மாத்த முடியலீங்க சார். நீங்களே டவுனுக்குப் போய் இதைக் குடுத்துப்போட்டு வந்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். "ஆகட்டுங்க அம்மணி" என்று வந்தது. அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

அன்று மத்தியானம் ஆறாம் வகுப்பில் சொன்னார். "நாளைக்கு நான் லீவு. ஒரு வேலையா டவுனுக்குப் போறேன்." வகுப்பு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. இளவேனிலின் தோழி நந்திதா கண்ணில் ஏதோ மின்னியதுபோல இருந்தது. பாவம், குழந்தைகள், என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை காந்திபுரம் பஸ் பிடித்துப் போனார். ஆஸ்டலில் குறை கண்டுபிடித்தே தீருவது என்றுதான் போனார். ஒன்றும் அகப்படவில்லை. எங்கே பார்த்தாலும் சமதளம், சுவரெல்லாம் பிடித்து நடக்கக் கம்பி. ராமுலு நாலு ஜென்மம் எடுத்தாலும் கட்ட முடியாது. வார்டனம்மா டீ கொடுத்து, பிஸ்கெட்டும் வைத்தார்.

வராந்தாவில் கேலிப்பர் போட்ட ஒரு சிறுமி கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நீங்க பல்லடத்துல இருந்து வாறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு, துடியலூருப் பக்கம்."

"அப்பச் சரிங்க" என்று மறுபடி கேட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

கந்தப்பன் பாரம் இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன விசயமா வந்தீங்க சார்?" என்று கேட்டார் வார்டனம்மா.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா, போற வழி" என்றார். துடியலூரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அது போகிற வழியில்லை. வார்டனம்மா அதைக் கேட்கவில்லை. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

பாரத்தை மடித்து வைத்துக்கொண்டு திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாரியாத்தாளிடம் என்ன சொல்வது? பாரம் தொலைந்துவிட்டது என்றால் இன்னொன்று வாங்கி வருவாள். நாளை ஒரு நாள் இருக்கிறது, அதற்குள் வேறு எதை மாற்றலாம் என்று யோசித்தார். கூரையைத் தவிர எதுவும் மீதியில்லை. சின்னாத்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினால் தேவலை என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி அடித்துப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பிரித்தார். இளவேனிலின் வரி மட்டும் ஆகஸ்ட் முழுக்கச் சிவப்பு மையில் ஓடியது. கடைசிக் கட்டத்தில் நீல மையில் ஒரு கோடு.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். கோடுதான். ஓட்டமும் நடையுமாகச் சத்துணவுக்கூடத்துக்குப் போனார்.

"பழனியாத்தா, இளவேனிலு வந்துச்சா?"

"வந்துச்சுங்க சார். காலையில மொத மணிக்கே வந்துருச்சு. ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்புட்டுது. திங்கக்கெழமையும் வாரேன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லப்போறேன்னுச்சு. நெசமாத்தானுங்க."

கந்தப்பன் அண்டா மேலேயே கைவைத்து நின்றார். சூடு உறைக்கவில்லை. தினமும் தவறாமல் நின்ற வாசலில், அந்த ஒரு நாள் மட்டும் அவர் இல்லை.

"எப்படி ஏறுச்சு? சாய்தளத்துலயா?"

"அதுல பசங்க சறுக்கீட்டு இருந்தானுக. இது படியில கைய ஊனி ஏறிப்போச்சு."

"நாற்காலியில உக்காந்துச்சா?"

"அதுல ஆடுங்க. புள்ள நந்திதா பக்கத்துல பெஞ்சுலதான்."

"அப்புறம் எதுக்குத்தான் அது இன்னிக்கு வந்துச்சு?"

பழனியாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்:

"இன்னிக்குக் கணக்குப் பீரியடு கெடையாதுன்னு நேத்தே நந்திதா போய்ச் சொல்லிப்போட்டுதுங்க, கணக்குன்னா பயம் கிளாசுல முப்பத்தெட்டுப் புள்ளைகளுக்கும் ஒண்ணுதானுங்க சார், காலு வலிக்குதுன்னு சொன்னா நீங்க நம்பறது அந்த ஒரு புள்ளையத்தான்."