ஈரத்துணி சாரும் என் இரண்டு டப்பாக்களும்

அரியலூரில் பறக்கும் சுண்ணாம்புத் தூசிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அவர் என் வீட்டு ஓனர். ஓய்வு பெற்ற வாத்தியார், சொந்த ஊர் வரதராஜன்பேட்டை, தோளில் எந்நேரமும் ஒரு நனைந்த துணி. தெருவே அவரை 'ஈரத்துணி சார்' என்றுதான் சொல்லும். சிமெண்ட் லாரி ஒன்று தெருமுனையைத் தாண்டுவதற்குள் சார் ஜன்னல் கம்பிகளைத் துடைத்து முடித்திருப்பார். ஒருமுறை நான் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது என் செருப்பைத் துடைத்தார். செருப்புக்குள் என் கால் இருந்தது.

அவர் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். மனைவிக்குப் பெரம்பலூரில் வேலை. தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். மேனேஜர் மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இனி ஒரு மீட்டிங்கில் நெட் போனாலும் நான் சென்னைக்கே வந்துவிட வேண்டும். அதாவது நான் அங்கே, அவள் இங்கே.

நெட்டோ சார் வசம் இருந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் மாடிச் சுவரில் துளை போட டிரில்லை எடுத்ததும், தூசி கொட்டும் என்று சார் குறுக்கே நின்றுவிட்டார். ஆகவே நெட் கம்பெனி கொடுத்த டப்பா கீழே, சாருடைய ஹாலில், அந்தோணியார் சுரூபம் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மாடியில் இருப்பவனுக்குச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் படிக்கட்டு வளைவு. அங்கே லேப்டாப்பைச் சீர்வரிசைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வேலை பார்த்தேன்.

கடைசியில் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். கீழ் டப்பாவிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நீல ஒயரை மேலே இழுத்துச் செருகினேன். கம்ப்யூட்டர்காரன் என்ற திமிரில் கூட வந்த புத்தகத்தைப் பிரிக்கவில்லை. நெட் வரவில்லை. நெட் கம்பெனிக்காரர்களை ஆசைதீரத் திட்டிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு டப்பாவும் ஒரே முகவரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒரே கதவு எண் போட்ட இரண்டு வீட்டுக்கு நடுவே தபால்காரர் என்ன செய்வார்? என் ரவுட்டரின் முகவரியை மாற்றினேன், ஓடியது. அன்று ராத்திரி மனைவியிடம் நான் அடித்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாளே நெட் போனது. கீழே ஓடினால், சார் எல்லா ஒயரையும் பிடுங்கிப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அதுல கை வைக்காதீங்க."

"தூசியோட வந்தா நெட்டு ஸ்லோவாத்தான வரும் தம்பி? படிச்சவங்கதான நீங்க."

அதன்பின் தினமும் இதே கூத்து, மீட்டிங் நேரம் மட்டும் எப்படியோ தப்பியது. 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். காகிதத்தில் தூசி என்று துடைத்தார், எழுத்து போய்விட்டது. டப்பாவை உயரத்தில் மாட்டினேன். ஸ்டூல் வாங்கினார்.

மேடம் என் விதியைத் தீர்மானிக்கப்போகும் மீட்டிங் வந்தது. காலையிலேயே கீழே போய், இன்று நெட் போனால் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று சொல்லிக் கெஞ்சினேன். அந்தோணியார் சாட்சியாக அந்த டப்பாவைத் தொடமாட்டேன் என்றார். மாடியில் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன், மீட்டிங் தொடங்கியது. நான் வாயைத் திறந்தேன். மேடம் திறந்த வாயோடு திரையில் உறைந்து போனார்.

அக்கம்பக்கம் பார்க்காமல் கீழே பாய்ந்தேன். ஹாலில் யாருமில்லை. டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் தலையில் முதல்முறையாகத் தூசிகூட இருந்தது. குழம்பிப்போய் மேலே ஏறிவந்தால், என் கூடத்தில் சார். மடியில் என் ரவுட்டர்.

"தொடமாட்டேன்னு சொன்னீங்களே சார்."

"கீழ இருக்குறதத்தான சொன்னீங்க? அத நான் திரும்பிக்கூடப் பாக்கல. இது ஒங்களுது." பிறகு கொஞ்சம் பெருமையாக, "நீல ஒயரு ஒரு ஓட்டையில ஒத்தையா ஒதுங்கி நின்னுச்சு. பக்கத்துல மஞ்ச ஓட்டையெல்லாம் காலியா கெடந்துச்சா, அதுங்களோட சேத்து வுட்டுட்டேன்."

நெட் உள்ளே வருவதற்கென்று இருக்கும் ஒரே வாசல் அந்த ஒதுங்கி நின்ற ஓட்டைதான் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. மேஜைமேல் என் போன் அடித்தது. மேடம். எடுக்கப் பயந்து நின்றேன். சார் திரையில் விரல் ரேகையைப் பார்த்துவிட்டார். துணியால் ஓர் இழுப்பு இழுத்தார். அழைப்பு திறந்துகொண்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சார் போனைக் காதில் வைத்தார்.

"வூட்டு ஓனர் பேசுறேம்மா. நெட்ட நான்தான் புடுங்குனேன், தம்பி மேல தப்பில்ல. அவர அங்க கூப்புட்டுக்காதீங்க. அந்தப் பொண்ணு வேலை முடிஞ்சு பஸ் ஏறி வந்து, பூட்டுன வூட்டத் தொறக்கக் கூடாதும்மா."

அடுத்து சுண்ணாம்புத் தூசியைப் பற்றி நீண்ட பாடம் ஒன்று நடத்தினார். போன் என் கைக்கு வந்தபோது ஈரமாக இருந்தது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க அங்கயே இருங்க. அந்தத் துணிய மட்டும் எங்கயாவது ஒளிச்சு வைங்க."

அடுத்த வாரம் சார் ஆசாரியை வரவழைத்து, அந்தோணியார் கூண்டு மாதிரியே கண்ணாடிக் கூண்டு இரண்டு செய்தார். கீழே ஒன்று, மேலே ஒன்று. பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினார். "ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் கண்ணாடிய மட்டும் தொடச்சுக்கிறேன்."

துடைக்கிறார். துடைத்துவிட்டு, உள்ளே டப்பாவின் மேல் படிந்திருக்கும் தூசியை, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மீட்டிங் கிடையாது. அன்று காலை, சர்ச்சில் பூசை முடிந்து அவர் திரும்பி வருவதற்குள், சாவியைக் கீழ்க்கூண்டின் பூட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிடுவேன்.