பைரவருக்கு யார் வைத்த செய்வினை?

மாட்டுத்தாவணியிலிருந்து கோச்சடை வரைக்கும் பஸ் போகிற வழியெல்லாம் சுவரொட்டிகளில் ஒரே முகம். தாடி, ருத்திராட்சம், பக்கத்தில் மாலை போட்ட ஒரு நாய். ‘பைரவச் சித்தர் கண்ணுச்சாமி! உங்கள் நாய், பூனைக்கு வைத்த செய்வினை கண்ணெதிரே ரத்தமாய்க் கசியும்!’ மனிதர்களுக்குச் செய்வினை எடுக்கும் தொழிலில் போட்டி கூடிவிட்டது போலும். சித்தர் நாலுகால் பக்கம் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையானால் கோச்சடையில் அவருடைய தகரக் கொட்டகை நிரம்பி வழியும். மேலூரிலிருந்து லோடு ஆட்டோவில் நாய்கள் வந்து இறங்கும். கம்ப்யூட்டர் கம்பெனி மேலாளர் ஒருவர் மடியில் பூனையோடு டோக்கன் வாங்கிக் காத்திருந்தார். படித்தவராயிற்றே, வரிசையை மதிக்கத் தெரிந்தவர்.

அற்புதம் இதுதான். நாயின் வாலடியில் சித்தர் வெள்ளிச் சீப்பால் வாருவார். கருப்பாய்ப் பொடி உதிரும். தீர்த்தத்தில் நனைத்த வெள்ளைத் துணியில் அதைத் தட்டுவார். கருப்பு கரைந்து சிவப்பாய்ப் படரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கட்டுப்பட்ட ரத்தம் காவல் என்று சொல்லி, அதையே தொட்டு, நாயைக் கொண்டுவந்தவர் நெற்றியில் பொட்டாக வைத்துவிடுவார். மேடையில் இருக்கும் பைரவர், அதாவது சித்தரின் சொந்த நாய், பின்னங்காலால் பரபரவென்று கழுத்தைச் சொறியும். கழுத்துச் சலங்கை குலுங்கும். பைரவர் உத்தரவு கொடுத்துவிட்டார் என்பார் சித்தர்.

இட்லிக்கடை தங்கப்பொண்ணும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். மடியில், துண்டில் சுற்றிய அவளுடைய நாய் பூரி. கடை வாசலில் பிறந்து அவள் கையால் தின்று வளர்ந்தது. புருஷன் போன பிறகு வீட்டில் அவள் பேச்சைக் கேட்க அதை விட்டால் ஆளில்லை. இப்போது ஈறு வெளுத்து, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது. அது செத்துப்போனால் என்ன செய்வோம் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போன தடவை துணி சிவந்ததும் சித்தர் கண்ணை மூடி ஒரு குறி சொன்னார். வைத்தவள் எதிர்வீட்டுக்காரி, பூனை வளர்ப்பவள். டோக்கன் கொடுக்கிறவனிடம் தங்கப்பொண்ணு தெருக்கதை முழுவதையும் அளந்திருந்தாள்; ஞானதிருஷ்டி அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரு கட்டளையும் போட்டார். ஒரு மண்டலத்துக்கு நாயைக் குளிப்பாட்டக் கூடாது, அது படுக்கும் சாக்கை உதறக் கூடாது, உதறினால் உள்ளே இருப்பது மனிதர் மேல் குதித்துவிடும். அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரி தமிழ்வாணி, அக்கா அக்கா என்று ஒரே குழம்புச் சட்டியில் பங்கு போட்டவள். தங்கப்பொண்ணு அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். சாக்கையும் பத்திரமாய்ப் பாதுகாத்தாள். பூரி நாளுக்கு நாள் வெளுத்தது.

அன்றைக்குத் தமிழ்வாணியும் கொட்டகைக்கு வந்துவிட்டாள். பூரியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்லிக் காலையில் கதவைத் தட்டியும் அக்கா திறக்கவில்லை. கையில் பேன்சீப்பு, வெள்ளைத் துண்டு, தண்ணீர் பாட்டில். நேராக மேடைக்குப் போனாள்.

“சாமி, ஒங்க பைரவரையும் ஒருதடவ சீவிக் காட்டுங்க.”

பைரவர் மேல் சீப்பு பட்டால் கை விளங்காமல் போகும் என்றார் சித்தர். தங்கப்பொண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியையே சோதிக்கிறாளா இந்தச் சூனியக்காரி? பூரியைக் கீழே கிடத்திவிட்டுச் சீப்பைப் பிடுங்கினாள்.

“நானே சீவுறேன். துணி வெள்ளையா இருந்துச்சுன்னா நீ தெருவ விட்டே போயிரணும்.”

வேணாம் தாயி என்று சித்தர் எழுந்திருப்பதற்குள் சீவியே விட்டாள். கருப்பாய் உதிர்ந்தது. துண்டில் தட்டித் தண்ணீரை ஊற்றினாள். சிவந்தது. பூரிக்குச் சிவந்ததைவிட நன்றாகவே சிவந்தது.

“சாமி, ஒங்க நாய்க்கு யாரு வச்சா?”

கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், நிசமாகவே தெரியாமல்தான் கேட்டாள். சித்தரின் கை தன்னால் போய்க் கெண்டைக்காலைச் சொறிந்தது.

“தெள்ளுப்பூச்சிக்கா. நாயோட ரத்தத்தக் குடிச்சுட்டு அது பேண்டு வைக்கிறதுதான் இது. காஞ்சா கருப்பு, நனைஞ்சா செவப்பு. எம் பூனைக்கும் இருந்துச்சு. டாக்டரம்மா இப்பிடித்தான் தட்டிக் காட்டுனாங்க.”

மேலாளர் மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மேலூர்க்காரர்கள் சித்தரைத் தேடியபோது கொட்டகையின் பின்பக்கத் தகரம் திறந்து கிடந்தது. பைரவர் மட்டும் மேடையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பூரிக்கு ஊசி போட்டு, ரத்தம் ஊற டானிக் கொடுத்து, பிடரியில் சொட்டு மருந்து விட்டார்கள். நாய்க்கு உள்ள மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதே, செத்துப்போகும் என்று தமிழ்வாணியிடமும் சொல்லியனுப்பினார் டாக்டரம்மா. முட்டையும் புழுவும் சாக்கில்தான் இருக்கும், அதை முதலில் துவை என்று தங்கப்பொண்ணுக்கு நல்ல திட்டு விழுந்தது.

இட்லிக் கொப்பரையில் வெந்நீர் வைத்து இருவருமாகச் சாக்கை அலசினார்கள். வாசலில் பூரி தலையைத் தூக்கி ஒரு வாய் பால் குடித்தது. தங்கப்பொண்ணு அழுதுவிட்டாள். மண்ணை வாரித் தூற்றினேனே, மன்னிச்சிரு வாணி என்றாள்.

தமிழ்வாணி சாக்கைப் பிழிந்தபடியே சொன்னாள்: “இத அலச அரைநாள் ஆயிருச்சுக்கா. மொதல்லயே யோசிச்சிருந்தா அம்புட்டு நேரங்கூட ஆயிருக்காது.”