பதவிக்கேற்ற உப்புத்தாள்

நடைபாதைத் துறையின் தலைமை அலுவலகத்தில், கீழ்த்தளத்தில், பந்து உருட்டும் கூடம் ஒன்று இருந்தது. நடக்கிறவர்களுக்குப் பாதை போட வேண்டிய துறை, உருளுகிற பந்துக்கு எதற்குப் பாதை போட்டது என்று யாரும் கேட்கவில்லை. முந்தைய இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே பெரிய மனிதர்கள் எல்லாம் கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பதைப் பார்த்தார். திரும்பி வந்த கையோடு கோப்பு அறைகளை இடிக்கச் சொன்னார். கோப்புகள் மாடிப்படிக்குக் கீழே போயின; பந்துகள் வந்தன. ஊழியர்களின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டதாக ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

இந்தப் பந்து விவகாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. பாதையில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அதில் உருண்டு உருண்டு எண்ணெய் குடித்த பந்து நாளடைவில் மழமழவென்று ஆகிவிடும். அப்புறம் அது வளையாது. விட்ட திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொஞ்சம் சொரசொரப்பாக்கிவிட்டால், பாதையைப் பிடித்துக்கொண்டு கடைசி நேரத்தில் அழகாக வளைந்து கட்டைகளின் நடுவில் போய் மோதும். அவ்வளவுதான் விஷயம். ஒரு தாள் வாங்கினால் தீர்ந்தது.

துறைகளுக்கு இடையிலான பந்துப் போட்டியில் குடிநீர்த் துறையிடம் வருஷா வருஷம் கோப்பையைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஊழியர்கள் இதைத்தான் கேட்டார்கள். புதிய இயக்குநர் பொறுப்பானவர். உடனே கூட்டம் கூட்டினார். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்தார்.

"இது ஐநூறு. இது ஆயிரம். இது ரெண்டாயிரம். இது நாலாயிரம் ஐயா."

"இதுல எது நல்லது?"

"எல்லாம் நல்லதுதாங்க. நமக்கு என்ன வேணுங்கிறதைப் பொறுத்து..."

"அப்படிச் சொன்னா எப்படிய்யா முடிவெடுக்கிறது? நம்பர் எதுக்குப் போட்டிருக்கான்? பெரிசு எது?"

"நாலாயிரம்."

"அப்ப அதுதான் ஒசத்தி."

"பெரிய நம்பர்னா பொடி நைசா இருக்கும் ஐயா. அதுல தேய்ச்சா பந்து கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"கண்ணாடி மாதிரி ஆனா நல்லதுதானே?"

மெக்கானிக்குக்கு மகள் கல்யாணத்துக்கு நீண்ட விடுப்பு தேவைப்பட்டது. "ரொம்ப நல்லதுங்க ஐயா" என்றார்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் நாலாயிரம்னா பதவிக்கு என்னங்க ஐயா மரியாதை? நாற்காலியிலகூட கை வச்சது, கை வைக்காததுன்னு இருக்கே."

அந்தக் கேள்வியின் ஆழம் எல்லோருக்கும் புரிந்தது. மாலைக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. 'பந்தின் மேற்பரப்பானது அதனை உருட்டுவோரின் பதவி நிலைக்கு இயைந்ததாக இருத்தல் வேண்டும்.' இயக்குநருக்கு நாலாயிரம், இணை இயக்குநர்களுக்கு ரெண்டாயிரம், கண்காணிப்பாளர்களுக்கு ஆயிரம். மற்றவர்களுக்கு ஐநூறு.

மற்றவர்களில் ஒருவர் தபால் பிரிவு அக்கா. உறை ஒட்டுவதும் முத்திரை குத்துவதும் வேலை. பதவி உயர்வுக்கு அவர் பெயர் போகும், திரும்பி வரும். அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னார்.

"எனக்கு ஐநூறாம்."

கணவர் தையல் மெஷினை நிறுத்தினார். "மத்தவங்களுக்கு?"

"ஆயிரத்துக்குக் குறைஞ்சு யாருக்கும் இல்ல. எங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் ஐநூறு."

"பந்துலகூடவா நம்மள மட்டம் தட்டுவாங்க?" என்றார் அவர். அன்று இரவுச் சாப்பாடு இருவருக்குமே ருசிக்கவில்லை.

மெக்கானிக் பந்துகளைச் சுழலும் கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். இயக்குநரின் பந்து கூடத்துக்கு வந்தபோது விளக்குகள் எல்லாம் அதற்குள் தெரிந்தன. அக்காவின் பந்து மங்கிப்போய், கழுவாத கத்திரிக்காய் மாதிரி இருந்தது.

துறைக்குள் பயிற்சி ஆட்டம் தொடங்கியது. இயக்குநர் பந்தை வலது ஓரமாக விட்டு, அது வளைந்து நடுவுக்கு வரும் என்று இடுப்பைச் சாய்த்துக் காத்திருக்கிறவர். பந்தை விட்டார். இடுப்பைச் சாய்த்தார். பந்து வழுக்கிக்கொண்டு, சாயாமல், வளையாமல், ஒரு கட்டையையும் தொடாமல் நேரே ஓரப் பள்ளத்தில் இறங்கியது.

கூடம் கைதட்டியது.

"என்ன நேர் பாத்தீங்களா!" என்றார் கண்காணிப்பாளர்.

அடுத்து அக்கா உருட்டினார். பந்து ஓரமாகப் போய், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பி, நடுவில் பாய்ந்தது. கட்டைகள் மொத்தமும் சரிந்தன. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா பயந்துபோய், "தெரியாம விழுந்துடுச்சுங்க ஐயா" என்றார்.

இயக்குநர் கண்காணிப்பாளரைத் தனியே அழைத்தார். "அந்தம்மா பந்து வளையுது. என் பந்து ஏன்யா வளையல?"

"கீழ்நிலை ஊழியர் பந்து ஐயா. வளைஞ்சுதானே ஆகணும்."

இயக்குநருக்கு நிம்மதியாக இருந்தது. பளபளக்கும் பந்தைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் எல்லாத் துறைகளுக்கும் போயிற்று. மங்கிய பந்தை வைத்திருப்பதற்கு மற்ற இயக்குநர்கள் வெட்கப்பட்டார்கள். குடிநீர்த் துறையினர் ஒருபடி மேலே போய், அணியில் இருந்த அத்தனை பந்துகளையும் நாலாயிரத்தில் தேய்த்து, மேலே மெழுகும் பூசினார்கள்.

கோப்பைப் போட்டிக்கு நடைபாதைத் துறையின் அதிகாரிகள் யாரும் ஆட வரவில்லை. எல்லோருக்கும் அவசரக் கூட்டம். அக்காவையும் தபால் பிரிவு ஆட்களையும் அனுப்பினார்கள். குடிநீர்த் துறையின் பந்துகள் குழாய்த் தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போயின. அக்காவின் கழுவாத கத்திரிக்காய் ஒவ்வொரு முறையும் வளைந்து வளைந்து அடித்தது. கடைசிக் கட்டை விழுந்தபோது அவர் தன்னை மறந்து குதித்தார். பிறந்ததிலிருந்து அப்படிக் குதித்ததில்லை என்று பிறகு கணவரிடம் சொன்னார்.

கோப்பையை இயக்குநர் வாங்கிக்கொண்டார். "சரியான உப்புத்தாளைத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தின் வெற்றி இது" என்று பேசினார். உணர்ச்சிவசப்பட்டு, அந்த மேடையிலேயே அக்காவுக்குப் பதவி உயர்வும் அறிவித்துவிட்டார். அக்கா கண்காணிப்பாளர் ஆனார்.

மறுநாள் மெக்கானிக் அவரைத் தேடி வந்தார். "அக்கா, உங்க பந்தை இனிமே ஆயிரத்துல தேய்க்கணும். உத்தரவு அப்படி."

"தேய்ச்சா?"

"வழுக்கும். இப்ப மாதிரி வளையாது." குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஐநூறுலயே விட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சனிக்கிழமை பாராட்டு விழா. கணவர் புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் குடும்பத்தோடு வருகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். எல்லோரும் முதலில் பந்தைத்தான் பார்ப்பார்கள்.

"ஆயிரமே போட்டுடுங்க" என்றார். மெக்கானிக் வாசல் வரைக்கும் போனபிறகு மெல்லக் கூப்பிட்டார். "ஏங்க, அந்த ரெண்டாயிரம் ஏதாவது மிச்சம் மீதி இருக்குமா?"

பளபளப்பான பந்தோடு அக்கா கூடத்துக்குள் நுழைந்ததைத் தபால் பிரிவு பார்த்தது. அவர்களுக்குத் தூக்கம் போயிற்று. சங்கம் கூடியது. 'சொரசொரப்பு எங்கள் தலைவிதியா?' என்று பதாகை எழுதினார்கள். எந்தப் பந்து கட்டையைச் சாய்த்தது என்று நேரில் பார்த்தவர்கள்தான் எழுதினார்கள். இயக்குநர் பெரிய மனதோடு இறங்கி வந்தார். கடைநிலை ஊழியர் வரை அனைவருக்கும் நாலாயிரம் என்று அறிவித்தார். பட்டாசு வெடித்தது.

அடுத்த போட்டியில் இரண்டு துறைகளும் மாலை வரை உருட்டின. ஒரு கட்டையும் விழவில்லை. யார் ஜெயித்தது என்று முடிவு செய்ய முடியாமல் நடுவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் பந்துகளை வரிசையாக வைத்து, எது அதிகம் மின்னுகிறது என்று பார்த்துக் கோப்பையைக் கொடுத்தார். தோற்றவர்கள்கூட அதை நியாயமான தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். கட்டைகளை அடுக்குவது வீண் செலவு என்று கண்டறியப்பட்டு, அவை விறகுக்கு விற்கப்பட்டன.

ஒரு நாள் அக்காவின் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் சொன்னார். "கட்டை விழுற சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு இல்லக்கா?"

அக்கா பந்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சத்தம் கிடக்கட்டும்" என்றார். "இந்தப் பக்கம் லேசா மங்கலா தெரியுது. இன்னொரு தடவை தேய்ங்க."