எஃப்ரெனின் நீச்சல் பதக்கம்

எஃப்ரென் மகலாங் தண்ணீருக்குப் பயந்தவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் இரண்டு வேளை குளிப்பான். வாளியில். அதோடு லீபா ஊரில் தண்ணீரைச் சுத்தம் செய்து பெரிய நீலக் கேன்களில் நிரப்பி விற்கும் கடையும் வைத்திருந்தான். கேனுக்குக் கேன் ஒரு ஸ்டிக்கர்: ‘எஃப்ரென் தண்ணீர். பயமின்றி அருந்துங்கள்.’ அவனுக்குச் சோறு போட்டதே தண்ணீர்தான். வாளியின் விளிம்பைத் தாண்டாத வரைக்கும் அதோடு அவனுக்கு ஒரு தகராறும் இல்லை.

தகராறெல்லாம் கடலோடுதான். எஃப்ரெனுக்கு நீச்சல் தெரியாது.

தெரியாததில் ஒரு குற்றமும் இல்லை. தெரியும் என்று சொன்னதுதான் வினை. பதினாறு வருடத்துக்கு முன்னால் மரிவிக்கைப் பெண் கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அவள் மின்டோரோ தீவில் மீனவர் வீட்டுப் பெண். நடக்கிறதுக்கு முன்னால் நீந்தினவள். “உனக்கு நீந்தத் தெரியுமா?” என்று அவள் சும்மாதான் கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டினான். அதில் ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். “கல்லூரியில நான்தான் நீச்சல் சாம்பியன்” என்றான் எஃப்ரென். அந்தப் பதக்கம் இப்போது பலகையில் ஒட்டப்பட்டு, வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. மரிவிக் வாரம் தவறாமல் அதைத் துடைத்துவைத்தாள்.

தடுக்கி விழுந்தால் கடலில் விழுகிற நாட்டில் இப்படி ஒரு பொய்யைக் கட்டிக் காப்பது லேசான வேலையா? எஃப்ரென் காத்தான். ஒரு வருடம் காதில் சீழ். இன்னொரு வருடம் தோளில் சுளுக்கு. மகள் கிளாரிஸ் பிறந்த பிறகு, “குழந்தையோட சாமானை யார் பார்த்துக்கிறது?” என்று கரையில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தான். கிளாரிஸுக்குப் பன்னிரண்டு வயதாகி, செருப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை வந்த பிறகும் காவலை விடவில்லை.

இந்த நேரத்தில்தான் மரிவிக்கின் அண்ணன் போனி ஊருக்கு வந்தான்.

போனி சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாதம் கடலில் இருப்பான், இரண்டு மாதம் தங்கை வீட்டு சோபாவில் இருப்பான். புயலில் கேப்டனின் தொப்பி பறந்துபோக, பின்னாலேயே குதித்து மீட்டு வந்தவன். இதை எஃப்ரெனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போனியே பதினோரு தடவை சொல்லியிருந்தான். ஒவ்வொரு தடவையும் அலையின் உயரம் ஒரு முழம் கூடியது.

வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் போனி ஆரம்பித்தான். “இந்த வருஷம் எல்லாரும் லையா கடற்கரைக்குப் போறோம் மாப்ளே. அங்க தூரத்துல ஒரு மிதவை நிக்குது பாரு, அதுவரைக்கும் ஒரு பந்தயம். கப்பல்காரனா, காலேஜ் சாம்பியனா, பார்த்துருவோம்.”

எஃப்ரென் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். ஆனாலும் வாய் இருக்கிறதே, அது அவனைக் கேட்டா பேசுகிறது? “நான் ரெடி மச்சான். நீங்கதான் பாவம், வயசாயிருச்சு” என்றது.

மரிவிக் இருவருக்கும் குழம்பு ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது நல்லதுக்கில்லை என்பது எஃப்ரெனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன்.

மறுநாள் கடையில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தான். போனியிடம் தோற்பது பெரிய விஷயமில்லை. நீந்தத் தெரிந்தவன்தான் தோற்க முடியும். இவன் மூழ்குவான். அதுவும் மகள் பார்க்க. பதக்கத்தைக் காட்டித் தோழிகளிடம் பெருமையடித்த மகள். மரிவிக் என்ன நினைப்பாள் என்பதை அவன் யோசித்துப் பார்க்கவே இல்லை. பொய் சொல்லித்தான் என்னைக் கட்டினாயா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்?

அப்போதுதான் கண்ணில் நாட்காட்டி பட்டது. எஃப்ரென் எழுந்தே நின்றுவிட்டான்.

பெரிய வெள்ளிக்கிழமையன்று யாரும் குளிக்கக் கூடாது. கடலில் இறங்கவே கூடாது. அன்றைக்குக் காயம் பட்டால் ஆறாது, தண்ணீரில் போனவன் திரும்ப மாட்டான் என்று ஊரில் பெரியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வியாழன் சாயங்காலம் கிளம்புவது, வெள்ளி முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்திருப்பது, சனி விடிந்ததும் மூட்டை கட்டுவது. கடலுக்குப் போனது மாதிரியும் ஆச்சு, கால் நனையாத மாதிரியும் ஆச்சு.

வீட்டுக்குப் போய், புனித வாரத்தில் குடும்பமாக இருப்பதன் மகிமையைப் பற்றி மரிவிக்கிடம் கால் மணி நேரம் பேசினான்.

“பூசையில குறட்டை விடுற ஆளு நீ” என்றாள் அவள். “உனக்கு என்ன திடீர்னு?”

“வயசாகுது இல்ல? மனுஷன் திருந்தக் கூடாதா?”

“திருந்து, திருந்து. யாரு வேணாம்னா?” அவள் போனை எடுத்தாள். “நானே ரூம் போட்டுர்றேன்.”

இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எஃப்ரெனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கலாம். சந்தோஷம் அதை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவன் நினைத்ததைவிடப் பிரமாதமாக அமைந்தது. விடுதியில் கரோக்கிப் பெட்டிக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஊரே அடங்கியிருந்தது. மூங்கில் குடிலில் உட்கார்ந்து, சுட்ட மீனைப் புளிப்புக் காடியில் தொட்டுத் தின்றுகொண்டே இரண்டு ஆண்களும் போட்டி போட்டு வருத்தப்பட்டார்கள்.

“என்ன அருமையான கடல் மாப்ளே. அலையே இல்ல. கை துருதுருங்குது.”

“எனக்குக் காலு துருதுருங்குது மச்சான். என்ன பண்றது, சாமி விஷயமாச்சே.”

“இன்னிக்கு மட்டும் பெரிய வெள்ளியா இல்லாம இருந்திருந்தா...”

“இருந்திருந்தா நான் இந்நேரம் மிதவைக்குப் போய்ட்டு திரும்பி வந்திருப்பேன்.”

தூரத்தில், கூரை போட்ட அந்த மூங்கில் மிதவை ஆடிக்கொண்டிருந்தது. எஃப்ரென் அதை அன்போடு பார்த்தான். நாளைக் காலை கிளம்பிவிட்டால் இனி அதன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்ததில் மூன்றாவது மீனையும் எடுத்தான்.

அப்போது மரிவிக் தேங்காய்ப்பாலில் வெந்த அரிசி உருண்டைகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். “கவலைப்படாதீங்க ரெண்டு பேரும். நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரூம் போட்டிருக்கேன். ஈஸ்டர் அன்னிக்கு எந்தத் தடையும் இல்ல. சரியா பத்து மணிக்குப் பந்தயம்.”

போனியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. எஃப்ரென் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கே ஒரு அரிசி உருண்டை புரையேறி, கிளாரிஸ் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு விடிகாலை மாதா ஊர்வலத்துக்கு மரிவிக்கும் மகளும் கிளம்பினார்கள். எஃப்ரென் தலைவலி என்றான். பக்கத்து அறையிலிருந்து போனியும் தலைவலி என்றான். அவர்கள் தலை மறைந்ததும் எஃப்ரென் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு கடலுக்கு ஓடினான். பத்து மணி வரை நான்கு மணி நேரம் இருந்தது. மனிதன் நினைத்தால் நான்கு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாததும் உண்டா?

கரையில் அவனுக்கு முன்னாலேயே யாரோ இருந்தார்கள். முழங்கால் தண்ணீரில், ஒரு நீலக் கேனைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, மூச்சு வாங்கக் காலை உதைத்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய உருவம். கேனில் எஃப்ரெனின் ஸ்டிக்கர் இருந்தது. இவர்கள் குடிப்பதற்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த கேன்.

“மச்சான்?”

போனி எழுந்து நின்றான். மீசையில் மணல்.

“கேனைக் கழுவிட்டிருந்தேன்” என்றான் போனி.

“நானும் கழுவத்தான் வந்தேன்” என்றான் எஃப்ரென்.

அப்புறம் போனிக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஈர மணலில் உட்கார்ந்துவிட்டான். “எனக்கு நீந்தத் தெரியாது மாப்ளே. சின்ன வயசுல ஒரு தடவை முழுகினேன். அதோட சரி.”

“அப்ப கேப்டன் தொப்பி?”

“அது கடல்ல விழல. தளத்துல விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துக் குடுத்தேன்.”

“கப்பல்ல எப்படி வேலைக்குச் சேர்த்தாங்க?”

“லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் பரீட்சை வச்சாங்க. அது என்னை மிதக்க வச்சுது, நான் பாஸாயிட்டேன். நான் சமையக்கட்டு ஆளு மாப்ளே. நீயாவது ஜெயிச்சு, என்னை நாலு பேர் முன்னாடி மானத்தோட விட்டுரு.”

எஃப்ரெனுக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாகத் தன் உண்மையை வாய்விட்டு ஒருவனிடம் சொன்னான். சொல்லி முடித்ததும் இருவரும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் பத்து மணி ஞாபகம் வந்தது.

போனிக்கு நீச்சல்தான் தெரியாதே தவிர, கடலின் ஏற்ற வற்றம் தெரியும். வானத்தைப் பார்த்தான், ஈர மணலைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான். “பத்து மணிக்குத்தான் தண்ணி நல்லா வடியும். மிதவைகிட்ட உன் நெஞ்சு மட்டத்துக்குத்தான் இருக்கும். காலைக் கீழ ஊனி நடப்போம். கையை மட்டும் மேல வீசுவோம். கரையிலிருந்து பாக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?”

மரிவிக் தற்செயலாகப் பத்து மணியைச் சொல்லிவைத்தாளே, அவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று எஃப்ரென் மனதார நினைத்தான்.

பந்தயம் அமர்க்களமாக நடந்தது. இருவரும் கையை வீசினார்கள், தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள், வாயால் தண்ணீரைக் கொப்பளித்தார்கள். அடியில் நான்கு கால்களும் பக்குவமாக நடந்தன. பேசிவைத்தபடி ஒரே நேரத்தில் மிதவையைத் தொட்டார்கள். சமம். ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தான் எஃப்ரென், பதக்கத்தில் இருக்கிற ஆளைப் போலவே.

மிதவையின் மறுபக்கத்தில் தண்ணீரிலிருந்து கிளாரிஸின் தலை எழும்பியது. நீச்சல் கண்ணாடி போட்டிருந்தாள். பக்கத்தில் மரிவிக்.

“அப்பா, நான் கீழேயே பாத்துட்டு வந்தேன்” என்றாள் மகள். “நீங்க ரெண்டு பேரும் நடந்துதானே வந்தீங்க?”

போனி கூரையைப் பார்த்தான். எஃப்ரெனுக்கு மட்டும் பார்க்க இடமில்லை, மரிவிக்கைத்தான் பார்த்தான். இதோ, கேட்கப்போகிறாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “அண்ணனை எட்டு வயசுல முடியைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்துப் போட்டவ நான். அவனுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“என்னைப் பத்தி?” என்றான் எஃப்ரென்.

“கல்யாணமாகி மூணாம் மாசம் உன் பதக்கம் பலகையை விட்டுக் கழண்டு விழுந்துச்சு. அதுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கு, எஃப்ரென் மகலாங். பேச்சுப் போட்டி. ஆறுதல் பரிசு. நான்தான் திரும்ப ஒட்டினேன்.”

“பதினாறு வருஷமா ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு இருந்தேன். வருஷா வருஷம் கடலுக்கு வர்றோம். ஒரு தடவையாவது நீ என்கூடத் தண்ணியில இறங்கணும்னு எனக்கு ஆசை. நீ செருப்புக்குக் காவல் இருக்கே.” அவள் மிதவையில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அதான் பத்து மணின்னு வச்சேன். விடுதிக்காரங்ககிட்டக் கேட்டேன், அப்பதான் நின்னாலும் முழுக மாட்டீங்களாம்.”

எஃப்ரெனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடப் பாரம் ஒரே நிமிடத்தில் இறங்கினால் யாருக்குத்தான் கலங்காது? மகள்கூட, “பேச்சுல பரிசு வாங்குறது கஷ்டம்ப்பா” என்று தேற்றினாள். மிதவைக்கு முன்னாலேயே படகில் சாப்பாடு வந்திருந்தது. மாம்பழம், வாழையிலையில் சுருட்டிய பசையரிசிச் சோறு, குடிக்க இரண்டு கேன் தண்ணீர். எஃப்ரென் வயிறாரச் சாப்பிட்டான். போனி தொப்பிக் கதையை உண்மையான உயரத்தில் சொன்னான். கரையில் கரோக்கிப் பெட்டியின் துணியை எடுத்துவிட்டார்கள் போல, பாட்டு வந்தது. இவர்களும் கூடவே பாடினார்கள். வெயில் ஏறியது. நேரம் போனதே தெரியவில்லை.

“சரி, வாங்க, நடந்தே திரும்பிடலாம்” என்று எஃப்ரென் தாராளமாக எழுந்தான்.

“எங்க நடக்கிறது?” என்றாள் மரிவிக். “மணி ஒண்ணாகுது. தண்ணி ஏறிருச்சு. இப்ப உன் தலைக்கு மேல ஒரு முழம்.”

“படகு?”

“சாப்பாட்டை இறக்கினதும் போகச் சொல்லிட்டேனே.” மிச்சமிருந்த தண்ணீரைக் கடலில் கவிழ்த்து, இரண்டு கேன்களையும் மூடி இறுக்கி, ஒன்றை அண்ணனிடமும் ஒன்றைப் புருஷனிடமும் கொடுத்தாள். “கெட்டியாப் பிடிச்சுக்கோ. காலை அடி. நானும் கிளாரிஸும் ரெண்டு பக்கமும் வர்றோம். பயப்படாதே, நான் இருக்கேன்ல?”

வேறு வழியில்லை. எஃப்ரென் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினான். கால் எட்டவில்லை, மரிவிக்கின் கை எட்டியது. காலை உதைத்தான். நிஜமாகவே நகர்ந்தான். கண்ணைத் திறந்து பார்த்தால் மூக்குக்கு நேராக அவனுடைய சொந்த ஸ்டிக்கர்: ‘எஃப்ரென் தண்ணீர். பயமின்றி அருந்துங்கள்.’

கரை சேர்வதற்குள் ஏழு மடக்கு அருந்தியிருந்தான்.