விருந்தாளி சொன்ன ஆமென்

மௌலா அலி,
செகந்திராபாத்.

கர்த்தருக்குள் பிரியமான மச்சினன் ஃபெலிக்ஸுக்கு,

அத்தான் எட்மண்ட் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. பாளையங்கோட்டையில் நீயும் தங்கச்சி ரோஸ்லினும் பிள்ளைகளும் ஆண்டவருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அக்காள் யூனிஸ்தான் கட்டுக்குள் இல்லை. வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள், அதனால்தான் தபால்.

நான் சபைச் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். ஆலயத்துக்குள் அரசியல் பேசக்கூடாது என்பது என் கொள்கை என்பதும் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது கேக் வெட்டுவதற்கு முன்னால் இதைப் பற்றித்தானே உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், நீகூடத் தூங்கிவிட்டாய். அந்தக் கொள்கைக்குத்தான் இப்போது ஆபத்து. எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாக ஒரு சந்து இருக்கிறதே, ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற பகவதி குடியிருக்கிற சந்து, அங்கே தகரக் கூரை போட்டுக் கொஞ்சம் குடும்பங்கள் ரொம்ப வருஷமாக இருக்கின்றன. மாதாப்பூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிற இளம் குடும்பங்கள் நிறுத்த இடமில்லாமல் தெலுங்குச் சபைக்குப் போய்விடுகிறார்கள் என்று நம் பொருளாளர் சந்தானம் கமிட்டியில் அழாத குறையாகச் சொன்னார். அந்தச் சந்தைக் காலி செய்துகொடுத்தால் சௌகரியமாக இருக்கும் என்று இந்தப் பகுதிக் கட்சித் தலைவர் ராகவேந்திரா காருவிடம் (இங்கே ஐயா என்பதற்குக் காரு) கேட்பதாக முடிவாயிற்று. அவர் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர். கேட்கிற விதத்தில் கேட்போம் என்று அசனப் பண்டிகைக்கு அவரையே சிறப்பு விருந்தாளியாக அழைத்து, முன்வரிசையில் குஷன் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

எங்கள் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்துப் பெண்கள் ஞாயிறு. மன்றாட்டு ஜெபம் ஏறெடுக்க வேண்டியவள் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, அதாவது உன் அக்காள். வழக்கம்போல வியாதியஸ்தர், பிரயாணிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று அழகாகத்தான் ஆரம்பித்தாள், நானும் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கொஞ்சம் இளைப்பாறினேன். திடீரென்று ஜெபம் தெலுங்குக்கு மாறியது. தமிழ்ச் சபையில் கைக்கு தெலுங்கு, எதற்குத் தெலுங்கு என்று நினைப்பதற்குள் விஷயம் புரிந்துவிட்டது, விருந்தாளிக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பிவிடக்கூடாதாம்! "பின் சந்துப் பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீர் தாரும் ஆண்டவரே." சபையார் ஆமென். "அந்தக் கூரைகள்மேல் புல்டோசர் ஏறாதபடி காத்தருளும்." ஆமென். "இங்கே வந்திருக்கிற அண்ணன் ராகவேந்திரா காருவை அதற்குக் கருவியாக எடுத்துப் பயன்படுத்தும்." ஆமென்! இந்தக் கடைசி ஆமெனை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது யார் என்கிறாய், அந்த ராகவேந்திரா காருவேதான். பாவம், கோயிலுக்கு வந்த இடத்தில் எல்லாரும் சொல்லும்போது, தேர்தலும் கிட்டத்தில் இருக்கும்போது, சொல்லாமல் இருக்க முடியுமா? இரண்டாவது சத்தம் யாருடையது என்று கேட்காதே. முப்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஃபெலிக்ஸ், நீயே சொல், ஒருத்தர் பிரசங்கத்தில் இப்படிப் பேசினால் சீட்டு எழுதி அனுப்பலாம், கூட்டத்தில் பேசினால் மைக்கை வாங்கலாம், ஜெபத்தில் பேசினால் என்னப்பா செய்வது? கண்ணைத் திறந்தால்கூடத் தப்பு. பிறகு அசனப் பந்தியில் உன் அக்காள் அந்த ராகவேந்திரா காருவின் இலையில் ஆட்டுக்கறியை அள்ளி வைத்துக்கொண்டே, "அண்ணா, அந்தச் சந்து?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே "சூஸ்தாம் அம்மா, பார்ப்போம்" என்றார். "ஆமென் சொன்னதுக்கப்புறம் ஏது அண்ணா சூஸ்தாம்? அப்படியே ஆகட்டும்னுதானே அர்த்தம்?" என்றாள். அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக்கொடுத்தது நான்தான்.

அன்று சாயங்காலமே அவசரக் கமிட்டி, அந்தச் சந்து எங்களுக்கு வேண்டுமென்று அவருக்கு மனுவும் போயிற்று. இனிமேல் பெண்கள் ஜெபத்தை முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், அதை வீட்டில் போய்ச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சொன்னேன். "ஆண்டவருக்கும் எனக்கும் நடுவுல நீங்க எதுக்கு?" என்றாள். யூனிஸ், சபைக்குள்ளே அரசியல் நக்கோ, வேண்டாம் என்றேன். "ஏங்க, கார் நிறுத்த எடம் கேட்டா அது சபைக் காரியம், குடியிருக்க எடம் கேட்டா அது அரசியலா?" என்றாள். நான் மினிட்ஸ் நோட்டை எடுத்து, அந்தத் தீர்மானத்துக்கு அடியில் இன்னொரு கோடு போட்டேன்.

அதோடு விட்டாளா? வெளியே ஜெபிக்கத்தானே தடை என்று வீட்டில் ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு ஜெபம் முன்னெல்லாம் ஒரு வரி. இப்போது சோறு ஆறிப்போகிறது, ரசத்தில் ஏடு கட்டுகிறது, இவள் பகவதியில் தொடங்கி அந்தச் சந்தில் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி ஜெபித்து, "என் புருஷன் நல்லவர்தான் ஆண்டவரே, கொஞ்சம் முதுகெலும்பு மட்டும் தாரும்" என்று முடிக்கிறாள். அதற்கும் நான் ஆமென் சொன்னால்தான் அப்பளம் கிடைக்கும். பகவதி வேறு என்னைக் கண்டால் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "சார், எங்களை எப்போ எடுப்பாங்க? பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்னு சொல்லுங்களேன்" என்று கேட்கிறாள். கோபமாகக் கேட்டாலாவது பதிலுக்குக் கோபப்படலாம். அவள் கும்பிட்டுக் கேட்கிறாள். எனக்கு ஆலயத்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது, இரண்டு நாளாகப் பின்வாசலை விட்டு முன்வாசல் வழியாகப் போகிறேன்.

ஆகவே ஃபெலிக்ஸ், நீதான் அவளுக்குச் செல்லத் தம்பி, நீ சொன்னால் கேட்பாள். "அக்கா, அத்தான் சொல்லுகிறபடி நட, சபைக் காரியத்தில் அரசியலைக் கலக்காதே" என்று கண்டித்து ஒரு கடிதம் எழுது. ரொம்பக் கண்டிக்காதே, அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அவள் மனசு தங்கம் என்பதை நான் மறுக்கவில்லை. முப்பது வருஷமாக அந்தத் தங்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு செயலாளருக்கு அவ்வளவு தங்கம் தாங்காது, அவ்வளவுதான்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கி, நேரம் கிடைத்தால் இந்தப் பக்கமும் வந்துபோவாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்
எட்மண்ட்

பி.கு.: இதை ஒட்டித் தபாலில் போடப் போனேன், போடாமலே திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால்பெட்டி அந்தச் சந்து முனையில்தான் இருக்கிறது. அங்கே போனால் புல்டோசர் நிற்கிறது. பகவதி பாத்திரங்களைத் தூக்கித் தெருவில் வைத்துக்கொண்டிருந்தாள், அவள் பெண் புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. "கைக்கு சாப், நடூல வந்து நிக்கிறீங்க?" என்று டிரைவர் கத்தியபோதுதான் நான் வண்டிக்கு முன்னால் நிற்பதே தெரிந்தது. என் வாயில் வந்ததெல்லாம் "நக்கோ பாய், நக்கோ" மட்டும்தான். அப்படியே ராகவேந்திரா காருவுக்குப் போன் போட்டேன். இடம் கேட்டது எங்கள் சபை, செயலாளர் சொல்கிறேன், எங்களுக்கு வேண்டாம், நீங்களும் ஆமென் சொல்லியிருக்கிறீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன் என்றேன். வண்டி இன்றைக்குத் திரும்பிப் போய்விட்டது. நாளைக்கு வந்தால் நாளைக்கும் போய் நிற்க வேண்டும், பாஸ்டர் ஐயாவும் அங்கி போட்டுக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். என் செயலாளர் பதவி அநேகமாகப் போய்விட்டது. கொள்கை மட்டும் போகவில்லை, நான் நின்றது ஆலயக் காம்பவுண்டுக்கு வெளியேதான்.

யூனிஸ் இப்போது என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "இந்த வயசுல வண்டி முன்னால போயி நிப்பாங்களா? தம்பியை விட்டுத்தான் கண்டிக்கச் சொல்லணும்" என்று அழுகிறாள். ஆகவே நான் கேட்ட கண்டிப்புக் கடிதத்தை அவசியம் எழுது. பெயரை மட்டும் மாற்றி, எனக்கு எழுது.