பிழையே வராத நல்ல நாள்

தாம்பேரே நூலகத்தின் பெரிய அறையில் அன்று நாற்காலி கிடைக்கவில்லை. ஜன்னல் திட்டிலும் தரையிலும் ஆட்கள். காபி மூன்றாம் முறையாகத் தீர்ந்தது. ஃபின்லாந்தில் இதைவிடப் பெரிய கலவரம் கிடையாது.

காரணம், ஊர்ஹோ சல்மேலா வருகிறார். வெளியீட்டுக்கு நாள் குறிக்கப் போகிறார்!

கண் தெரியாதவர்களுக்குத் திரையை ஃபின்னிஷ் மொழியில் படித்துக்காட்டும் கட்டற்ற மென்பொருள் எங்களுடையது. சம்பளமில்லாமல், ஆளுக்குக் கொஞ்சமாக எழுதுகிறோம். வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு. அதற்கு முன் சில வாரம் 'ஃப்ரீஸ்': புதிதாக எதையும் சேர்க்காமல், இருப்பதைச் சோதிக்கும் காலம். நல்ல ஏற்பாடுதான். அதற்குள் சனி கிரகம் எப்படி நுழைந்தது?

ஊர்ஹோ நுழைத்தார். மென்பொருளின் முதல் வரி எழுதப்பட்ட நேரத்தை வைத்து ஜாதகம் கணிப்பார். காணிக்கை எண்ணூறு யூரோ. மூன்று வருடமாக, அவர் குறித்த நாளில் வெளியிட்டால் மூன்று வாரத்துக்கு ஒரு பிழைப் புகார்கூட வருவதில்லை. ஆகஸ்டில் புகார் கொட்டுமே, அது? "யாரோ ஃப்ரீஸ்ல கை வெச்சிருக்காங்க" என்பார். உடனே நாங்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வோம். கணினி படித்த கூட்டமல்லவா!

ஊர்ஹோ கண்ணை மூடித் திறந்தார். "ஜூலை ஆறு. ஃப்ரீஸ் இந்த நிமிஷமே ஆரம்பம்."

கைதட்டல் அடங்குவதற்குள் ஹில்க்கா எழுந்தாள். பகலில் பஸ் என்ஜின் பழுதுபார்ப்பவள். மாலையில் எங்களோடு மென்பொருள் எழுதுபவள்.

"ஒரு நிமிஷம் ஐயா. கண் தெரியாத நம்ம ஐனோவுக்கு பஸ் விசாரணை மையத்துல வேலை கிடைச்சிருக்கு. ஜூன் பதினஞ்சு சேரணும். பஸ் நம்பர் வர்ற இடத்துல நம்ம மென்பொருள் ஊமையாயிடுது. திருத்தம் ரெடி. பத்தே வரி, ரெண்டு பேர் சோதிச்சாச்சு."

"ஒரு வரி நுழைஞ்சாலும் சனி திரும்பிடுவார்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அதுவரைக்கும் ஐனோ பஸ் நம்பரை மோந்து பாத்துச் சொல்லணுமா?"

எங்கள் தலைவர் யார்க்கோ நெளிந்தார். "ஹில்க்கா, குருகிட்ட இப்படியா பேசறது?"

"சரி, பேசல. கேக்கறேன். போன மாசம் வேற பேருல ஒரு பிறந்த நேரம் அனுப்பினேன். ஜூலை ஏழுன்னு நாள் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அருமையான ஜாதகம்!"

"அது என் காபி மெஷினை முதமுதல்ல போட்ட நேரம்."

ஜன்னல் திட்டிலிருந்து ஒருவர் சிரித்து விழப்பார்த்தார். ஹில்க்கா கூட்டத்தைப் பார்த்தாள்.

"எந்த ஜாதகம் குடுத்தாலும் ஜூலை முதல் வாரம். ஏன்? அந்த வாரம் புதுப் பதிப்பைப் போட்டுப் பாக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. ஜூலையில் நாங்கள் அத்தனை பேரும் விடுமுறையில், ஏரிக்கரைக் குடிலில் கிடப்போம்.

"போன ஜூலையில மூணு வாரத்துல புதுப் பதிப்பை எத்தனை பேர் இறக்கினாங்க, யார்க்கோ?"

யார்க்கோ மடிக்கணினியைத் திறந்தார். காது சிவந்தது. "பதினொண்ணு."

"ஐயா, நீங்களாவது ஆறாம் தேதி போட்டுப் பாப்பீங்களா?"

"நானா? நான் குடில்ல இருப்பேனே. அங்க நெட்வொர்க்கே..."

அதற்குள் அறை முழுதும் சிரித்துவிட்டது. தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வெளியே மழை. ஹில்க்கா ஓடிப்போய்த் தன் குடையைக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று அந்த அறையில் நான் கண்ட ஒரே அருள் அதுதான்.

பத்து வரியும் உடனே உள்ளே போயின. ஒரு வாரம் சோதனை, பிறகு வெளியீடு. எல்லோரும் ஊரில் இருக்கும்போதே, திட்ட வேண்டியவர்கள் திட்டட்டும் என்று. வெளியிட்ட அன்றே யார்க்கோ ஐனோவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மென்பொருளின் கரகரக் குரல் பஸ் நம்பர்களை வாசித்தது. "இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லவா?" என்றார் ஐனோ. "சொல்லுங்க" என்றார் யார்க்கோ.

அந்த வாரம் நாற்பத்தாறு புகார்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதினோம்.

நான் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன். கடவுள் எனக்குக் கொடுத்த தலை, தொப்பி மாட்ட மட்டுமல்ல என்று நம்புகிறவன். புகாரே வராத நாள்தான் நல்ல நாள் என்றால், கல்லறைத் தோட்டத்தில் தினமும் நல்ல நாள். உயிரோடிருப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.